பச்சை வரைபடமும் சாம்பல் கோடும்

1

இந்த வருஷமும் அதே வரைபடத்தைத்தான் காட்டினார்கள்.

உலகம் முழுக்கப் பச்சை. ரசாயன ஆயுதம் செய்யமாட்டோம், வைத்திருக்கமாட்டோம், யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளெல்லாம் பச்சை. சேராமல் வெளியே நிற்கிற நாடுகள் சிவப்பு. அவற்றை எண்ண ஒரு கை விரல் போதும். எட்டு வருஷமாக நான் பார்க்கிற படம் இது. சிவப்பில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. படம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"பினாங்குல என்ன வேலை?" என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களிடம் "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்று சொல்லி முடித்துவிடுவேன். இந்தத் தடவை விவரமாகச் சொல்லாமல் முடியாது. மலேசியாவில், இந்தப் பினாங்குத் தீவின் பாயான் பாரு பகுதியில் ஒரு சின்ன ரசாயன வியாபாரக் கம்பெனி. பீப்பாய்கள் எல்லாம் பத்து காவான் என்கிற ஊரில் இருக்கிற கிடங்கில் இருக்கும். நான் படித்தது ரசாயனம், பார்ப்பது காகித வேலை. பதினாறு வருஷமாக.

சில சரக்குகளுக்கு இரண்டு முகம் உண்டு. ஷாம்புவில் இருக்கும், இரும்பு அறுக்கிற எண்ணெயில் இருக்கும். அதே சரக்கு தப்பான கைக்குப் போனால் மனிதன் தோலைப் பொசுக்குகிற விஷமாகிவிடும். அப்படிப்பட்ட சரக்கு சிவப்பு நாட்டுக்குப் போவதென்றால், அந்த நாட்டு அரசாங்கம் ஒரு சான்றிதழ் தர வேண்டும். "இன்ன வேலைக்குத்தான் வாங்குகிறோம், ஆயுதத்துக்கு இல்லை, வேறு யாருக்கும் கைமாற்றமாட்டோம்" என்று. அதைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். அதனால்தான் வருஷா வருஷம் இந்தக் கடற்கரை ஓட்டல் கருத்தரங்குக்குக் கம்பெனி என்னை அனுப்புகிறது. இரண்டு நாள். குளிர்சாதனத்தில் நடுங்கிக்கொண்டு கறிபாப் என்கிற உருளைக்கிழங்கு பஃப் சாப்பிடலாம்.

மேடையில் இருப்பவர்களின் பேச்சும் மாறாது. சேராத நாடுகளை "அழைக்கிறோம்." அடுத்த வருஷம் "மீண்டும் அழைக்கிறோம்." அதற்கடுத்த வருஷம் "அக்கறையோடு மீண்டும் அழைக்கிறோம்." கல்யாணப் பத்திரிகை வைப்பதற்குக்கூட ஒரு கணக்கு உண்டுங்க. மூன்று தடவை வைத்தும் வரவில்லையென்றால் நம் வீட்டில் என்ன பேசுவோம்? இவர்கள் முப்பது வருஷமாகப் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இந்தத் தடவையும் சும்மா உட்கார்ந்திருந்திருப்பேன். ஆனால் என் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது.

2

அந்தக் காகிதம் கருத்தரங்குக்குப் பத்து நாள் முன்னால் என் மேசைக்கு வந்தது. சிவப்பு நாடு ஒன்றுக்கு அந்த இரண்டு முகச் சரக்கு நாற்பது பீப்பாய். எந்த நாடு என்று எழுதமாட்டேன். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சான்றிதழ் அழகாக இருந்தது. தடித்த தாள், மேலே சின்னம், கீழே நீல மையில் வட்டமாக முத்திரை, அதன்மேல் நெளிந்த கையெழுத்து. இந்த ஊரில் முத்திரைக்கு "சாப்" என்று பெயர். சாப் இல்லாத காகிதத்தை யாரும் மதிக்கமாட்டார்கள், சாப் இருக்கிற காகிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள். நான் படிக்கிறவள். அதுதான் வினை.

இடது ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, மேலிருந்து கீழ்வரை ஒரு சாம்பல் கோடு. நடுவில் ஒரு நெல்மணி அளவுக்கு விட்டுப்போயிருந்தது. பிறகு மறுபடியும் தொடர்ந்தது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்! எங்கள் ஆபீஸ் பிரிண்டர் எட்டு மாதமாகப் போடுகிற கோடு அது. உள்ளே உருளையில் கீறல். "மாத்துங்க போஸ்" என்று நானும் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அடுத்த மாசம் லா" என்று முதலாளியும், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற "லா"வோடு, மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மேசையில் இருக்கிற ஒவ்வொரு தாளிலும் அது உண்டு, நெல்மணி இடைவெளியோடு.

சும்மா சொல்லக்கூடாது, என் முதல் எண்ணம் முதலாளிக்குச் சாதகமாகத்தான் ஓடியது. மின்னஞ்சலில் வந்ததை இங்கே பிரிண்ட் எடுத்திருப்பார். ஆனால் முத்திரை பிரிண்ட் இல்லை. தொட்டால் விரலில் ஒட்டுகிற நிஜ மை. கோட்டின்மேல்தான் அது விழுந்திருந்தது. தாள் எங்கள் பிரிண்டரிலிருந்து வந்த பிறகுதான் யாரோ குத்தியிருக்கிறார்கள்.

முதலாளி பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனுஷர். நான்கு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, காரியம் முடிகிறவரை என்கூட நின்றவர். என் மகள் யாழினியைத் தினமும் தன் காரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர். அவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"போஸ், இது ஒரிஜினலா?"

"ஆமா கலா. கூரியர்ல வந்துச்சு."

"கவர் எங்க?"

"குப்பையில போட்டேன் லா. கவரை வச்சி என்ன பண்றது?"

நான் பக்கத்தில் ஒரு வெறும் தாளைப் பிரிண்ட் எடுத்து வைத்தேன். இரண்டு கோட்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த நாட்டுல இத குடுக்குற ஆபீஸே இல்ல கலா. யார்கிட்ட போய் வாங்குறது? வாங்குறவன் சோப்புக் கம்பெனி. எனக்குத் தெரிஞ்ச ஆளு. நாம குடுக்கலன்னா இன்னொருத்தன் குடுக்கப் போறான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்க பெர்மிட் ஃபாரமும் என் மேசையிலதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சிருவோம்."

மிரட்டல் மாதிரியே இல்லை. மதியம் என்ன சாப்பாடு என்று கேட்பது மாதிரி சொன்னார். என் வேலை பெர்மிட் புதுப்பிக்க அவர் சாப் வேண்டும். அந்தப் பெர்மிட்டில் தொங்குவதுதான் யாழினியின் பள்ளிக்கூடம், கெலுகோரில் நாங்கள் குடியிருக்கிற வீடு, எல்லாம். "பாத்துச் சொல்றேன் போஸ்" என்று சான்றிதழை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உடம்பெல்லாம் எரிந்தது.

3

எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

கொங்குப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு ரசாயன ஆலை இருந்தது. அப்பா அதில் ஷிஃப்ட் வேலை. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் வாயு கசிந்தது. டீச்சர் எங்கள் தாவணியையும் துண்டையும் குடிதண்ணீர்ப் பானையில் முக்கி மூக்கில் கட்டிவிட்டார். எனக்கு இரண்டு நாள் கண்ணெரிச்சல், அவ்வளவுதான். என் பக்கத்து பெஞ்சு மரகதம் பானை வரை போய்ச் சேரவில்லை. வராந்தாவிலேயே விழுந்துவிட்டாள். பிழைத்தாள். ஆனால் அதற்கப்புறம் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த வாரம் ஆலை ஆபீசிலிருந்து வீடு வீடாக ஒரு காகிதம் வந்தது. "கசிவு எதுவும் ஏற்படவில்லை, யாருக்கும் பாதிப்பில்லை" என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் முதல் கையெழுத்து எங்கப்பாவுடையது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோபத்தோடுதான் ரசாயனம் படித்தேன். முப்பத்து நான்கு வருஷமாகியும் அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாராவாரம் போன் பேசுவோம். சுகர் எவ்வளவு, மழை உண்டா, அதோடு சரி.

4

கருத்தரங்கின் முதல் நாள், பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, இரண்டு சுற்றுப் பெரிய கோட்டு. முன்னால் இருந்த பெயர்ப் பலகையில் அந்தச் சிவப்பு நாட்டின் பெயர், கீழே "பார்வையாளர்". உறுப்பு நாடுகளுக்கு மேசையில் மைக் உண்டு, பார்வையாளருக்குக் கிடையாதாம். காலையிலிருந்து மேடையில் அவர் நாட்டைப் பற்றியே பேசினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் நானே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் அதிகாரி. ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"ஏன் சேரமாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன். அலங்காரமெல்லாம் எனக்கு வராது.

அவர் சிரித்தார். "சேர வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனே நான்தான், அம்மா. எங்களிடம் அந்த ஆயுதமே இல்லை, பிறகு எதற்குச் சேர வேண்டும் என்று ஒரு அமைச்சர் கேட்கிறார். சேர்ந்தால் வெளிநாட்டுக்காரன் வந்து நம் கிடங்கைத் திறந்து பார்ப்பானே என்கிறார் இன்னொருவர். இப்போது கோப்பு மந்திரிசபை வரைக்கும் போயிருக்கிறது. அடுத்த மாதம் முடிவு."

பையிலிருந்து சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முதலில் சின்னத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முத்திரையை. பிறகு கையில் இருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பெயரில் எங்களுக்கு ஒரு துறையே இல்லை. இது எங்கே செய்தது?"

"இங்கிருந்து பதினைந்து மைல் தூரத்துல. என் ஆபீசுல" என்றேன். சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது.

இந்த விஷயத்தை அவர் யாரிடம் சொன்னாரோ தெரியாது. சாயந்திரத் தேநீர் நேரத்தில் மேடையில் வரைபடம் காட்டிய அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். நரைத்த குட்டை முடி, மெதுவான குரல். சேராத நாடுகளுக்குப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் அவர் வேலை. வருஷத்தில் பாதி நாள் விமானத்தில். அவரைக் குறைத்துப் பேசமாட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

"உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இது ரொம்ப நாசூக்கான நேரம். உறுப்பு நாட்டுக் கம்பெனியே அந்த நாட்டின் பெயரில் போலி செய்கிறது என்று செய்தி போனால், அங்கே எதிர்க்கிறவர்களுக்கு அது போதும். பல வருஷ முயற்சி வீணாகிவிடும். சரக்கை ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுங்கள். எழுத்தில் புகார் மட்டும் ஒரு மாதத்துக்குக் கொடுக்காதீர்கள்."

எனக்கு வந்ததே கோபம்!

"நான் தள்ளிப்போட்டா, முதலாளி வேற ஆளை வச்சுக் கையெழுத்து வாங்கிக்குவாரு. சரக்கு போயிடும். போனபிறகு அந்த நாட்டுக்குள்ள போய் அது எங்கனு நீங்க தேட முடியுமா?"

"முடியாது. அவர்கள் உறுப்பினர் இல்லை."

"அப்ப?"

ஆயுதம் வேண்டாம் என்று உலகத்தைச் சம்மதிக்க வைப்பதற்காக, ஆயுதமாகக்கூடிய சரக்குக்குச் செய்த போலிக் காகிதத்தை நான் மூடி வைக்க வேண்டுமாம். கசிவு எதுவும் ஏற்படவில்லை, யாருக்கும் பாதிப்பில்லை. அப்படியே அதே வாசனை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தட்டில் கொட்டிவிட்டது.

5

வீட்டுக்கு வந்து யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வயசு. இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிற எஸ்பிஎம் பரீட்சை. தமிழில் ஆரம்பித்து, மலாய்க்குப் போய், ஆங்கிலத்தில் இறங்குகிற பிள்ளை. என் கோபத்தில் பாதி அவள் மூக்கில் இருக்கும்.

"அப்ப நீ சைன் பண்ணப் போறதில்ல. பெர்மிட் போயிரும். நான் எக்ஸாம் எழுத முடியாது. அதானே மா?"

"அப்படி ஆகலாம்."

"உனக்கு ஈஸி லா. உனக்குத் திரும்பிப் போக ஊருன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு இதான் ஊரு! அப்பா இங்கதான் இருக்காரு!"

அவருடைய அஸ்தியை இந்தக் கடலில்தான் கரைத்தோம். "சோப்புக்கே போகலாம்டி, யார் கண்டது" என்று நானே முதலாளி பாட்டைப் பாடிப் பார்த்தேன். சொல்லும்போதே மரகதம் என் கண்முன்னே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதையை அதுவரை நான் யாழினியிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், தாத்தாவின் கையெழுத்தோடு.

கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோறு ஆறிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். பினாங்குத் துறைமுகம் பற்றிய வரலாற்றுத் திட்டப்பணி. போன மாதம் என் ஆபீஸ் பிரிண்டரில் அடித்துக் கொடுத்தது. டீச்சர் திருத்தி, சிவப்பு மையில் தேதி போட்டு, பள்ளிக்கூடத்துச் சாப் வைத்திருந்தார்.

"வெறும் பேப்பர் காட்டினா, நீ இப்பதான் அடிச்சேன்னு சொல்லிருவாங்க. இதுல தேதி இருக்கு பாரு. அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு முன்னாடியே இந்தக் கோடு இருக்கு."

இரண்டையும் ஒன்றாக வைத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. நெல்மணி இடைவெளி நெல்மணி இடைவெளியின்மேல்.

"என் பேரு இருக்கு அதுல. பரவால்லையா?" என்று கேட்டாள். அந்தப் பேரின்மேல் விரலை வைத்துத் தலையாட்டினேன். அவள் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். என்னோடு பேசாமலே தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

6

இரண்டாம் நாள் காலை இடைவேளையில், அனுமதிக் காகிதங்களைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்திருந்த மலாய் அம்மாவிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாருடையது?"

"என் மகளோடது."

"உங்கள் வேலை பெர்மிட் இந்தக் கம்பெனி பெயரிலா?"

"ஆமா."

பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார். "யோசித்துத்தான் செய்கிறீர்களா? புகார் என்றால் பெயர் எழுத வேண்டும்." எழுதுங்கள் என்றேன். எழுதி, என் பக்கம் திருப்பி, கீழே ஒரு புள்ளிக்கோட்டைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். நாட்டின் பெயர் செய்தித்தாள்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பார்வையாளருக்காக.

அவரிடமும் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாடு சேராமல் போனால் பாவம் என் தலையில் என்றும் நினைத்தேன். அவர் தன் பெரிய கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு சொன்னார்: "மூன்று வருஷமாக மந்திரிகளிடம் மனிதநேயம், சமாதானம் என்று பேசிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் அசையவில்லை. இனி மானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நாம் வெளியே நிற்பதால் எங்கேயோ ஒரு கடைக்காரன் நம் அரசாங்க முத்திரையைத் தன் மேசையில் வைத்துச் செய்கிறான், கேட்க ஆளில்லை என்று சொல்லப் போகிறேன். அந்தக் கோட்டின் புகைப்படம் ஒன்று எனக்கு வேண்டும்."

எடுத்துக்கொண்டார். நாட்டின் பெயரை எங்கேயும் எழுதமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். வரைபடத்து அம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

7

ஐந்து வாரம் ஆகிறது. நாற்பது பீப்பாயும் பத்து காவான் கிடங்கில் சீல் வைக்கப்பட்டுக் கிடக்கிறது. செல்வம் என்னிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பெர்மிட் ஃபாரத்தைச் சாப் இல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பாத்துக்குங்க கலா" என்றார். வேறு கம்பெனி தேடுகிறேன். கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் கிளம்ப வேண்டும். அந்த நாட்டு மந்திரிசபை கூடிவிட்டதாம். என்ன முடிவென்று தெரியவில்லை. சேர்ந்தார்களோ, மறுபடியும் கல்யாணப் பத்திரிகைதானோ.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெர்மிட் போச்சா கண்ணு?"

"போற மாதிரிதாம்ப்பா."

"அன்னைக்கு நானு உன்ன நெனச்சுத்தான் போட்டேன், அந்தக் கையெழுத்த. வேலை போயிருந்தா உன்னைய எட்டாவதோட நிறுத்தியிருப்போம்."

முப்பத்து நான்கு வருஷம் கழித்து இப்போது சொல்கிறார். "தெரியுமுங்கப்பா" என்றேன். "தெரிஞ்சதனாலதான் இன்னும் கோவம். மரகதத்தோட மூச்சுல நான் படிச்சிருக்கேன்." சொல்லிவிட்டு அழுதேன். அவரும் அழுதிருப்பார், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இப்ப உன் புள்ள படிப்பு?" என்று கேட்டார். அவர் கையெழுத்துப் போட்டார், நான் படித்தேன். நான் போடவில்லை, இவள் என்ன ஆவாள்?

ஐந்து வாரமாக என்னிடம் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்த யாழினி, சோபாவில் இருந்து எழுந்து வந்து போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"தாத்தா, அம்மா மட்டும் இல்ல. என் ஹோம்வொர்க்தான் எவிடன்ஸ். கவர்மெண்ட் ஃபைல்ல என் பேரு இருக்கு, தெரியுமா?" என்றாள். "எங்க ஏழாவது டீச்சர் மாதிரி யாராச்சும் ஒருத்தர் துண்டை நனைக்கணும் இல்ல?"

என்னுடைய டீச்சரை எப்போதிருந்து "எங்க டீச்சர்" ஆக்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.